ஒரே வண்டி என்னும் வாதம்

உதவித்தொகைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் ஆய்வு மாணவர் வட்டங்களில் ஓர் உவமை தலைகாட்டுகிறது: ‘எல்லோருக்கும் ஒரே வண்டியைக் கொடுத்தாயிற்று, இனி வெற்றி ஓட்டுபவர் கையில்.’ சென்ற வாரம் இதைச் சொன்ன இளைய ஆய்வாளர் ஒருவர் ஃபார்முலா 3 பந்தயத்தையே சான்றாகக் காட்டினார். உவமையை இன்னோர் உவமையால் வெட்டிப் பேசுவது எளிது. அதைச் செய்யப்போவதில்லை. இளையோர்க்கான ஒற்றை இருக்கைப் பந்தயங்களைச் சில ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். ஆகவே அந்த வண்டியை நேர்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, அது எதைத்தான் அளக்கிறது என்று பார்க்க விழைகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

பந்தயம் அறியாதோர்க்குச் சில அடிப்படைச் செய்திகள். சிறுவர்கள் கார்ட் வண்டியில் தொடங்கி, ஃபார்முலா 4, 3, 2 எனப் படியேறி, மிகச் சிலர் ஃபார்முலா 1 வரை செல்கின்றனர். ஃபார்முலா 1 அணிகள் தத்தம் வண்டியைத் தாமே வடிவமைக்கின்றன. அதனால் அங்கே வென்றது மனிதனா பொறியா என்ற வழக்கு என்றும் தீர்வதில்லை. கீழ்ப்படிகளில் அந்த வழக்கே எழக்கூடாது என்பது ஏற்பாடு. ஃபார்முலா 3இல் 2020ஆம் ஆண்டு பத்து அணிகள், அணிக்கு மூவராக முப்பது ஓட்டுநர்கள். அனைவர்க்கும் டல்லாரா நிறுவனத்தின் ஒரே உடற்சட்டகம், மெக்கக்ரோமின் ஒரே 3.4 லிட்டர் இயந்திரம், பிரெல்லியின் ஒரே சக்கரப்பட்டை. எஞ்சுவது ஓட்டுநரின் திறன் மட்டுமே என்பது இவ்வேற்பாட்டின் உட்கிடை.

மொழியியல் படித்தவர்களுக்கு இது பழகிய முறை. ஒரு மொழியில் இரண்டு ஒலிகள் தனித்தனி ஒலியன்களா என்று அறிய, அந்த ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணையைத் தேடுவோம். ‘வலி’, ‘வழி’ என்னும் இரண்டிலும் முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றே. இடையிலுள்ள மெய் மாறுகிறது, பொருளும் மாறுகிறது. ஆகவே லகரமும் ழகரமும் தமிழில் வெவ்வேறு ஒலியன்கள் என்று துணிகிறோம். இத்துணிவின் வலிமை முழுவதும் ‘மற்றவை அனைத்தும் ஒன்றே’ என்ற நிபந்தனையில் தங்கியிருக்கிறது. எழுத்தை மட்டும் நம்பினால் அந்நிபந்தனை ஏமாற்றிவிடும் என்பதும் முதுகலை முதலாண்டிலேயே கற்கும் பாடம். தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’, நாட்டியத்தில் முகம் காட்டும் ‘பாவம்’ இரண்டும் தாளில் ஒரே சொல். பலருடைய வாயில் இரு வேறு சொற்கள். பந்தய வண்டியின் விவரத்தாளும் ஒரு வகையில் எழுத்துத்தான். தடத்தில் ஓடுவது வேறு.

2020ஆம் ஆண்டின் பருவத்தை எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றால் தள்ளிப்போன அப்பருவம் ஜூலை 4இல் ஆஸ்திரியாவில் தொடங்கி, செப்டம்பர் 13இல் இத்தாலியின் முஜெல்லோவில் முடிந்தது. ஒன்பது வார இறுதிகள், பதினெட்டுப் பந்தயங்கள். ஒவ்வொரு வார இறுதியிலும் இரண்டு பந்தயங்கள் உண்டு. இரண்டாவது பந்தயத்தில், முதற்பந்தயத்தின் முதல் பத்து இடங்களும் தலைகீழாக்கப்பட்டன: பத்தாவதாக வந்தவர் முன்வரிசையின் தலையில் நிற்பார், வென்றவர் பத்தாம் இடத்தில். பதினொன்றாவதாக வந்தவர் பதினொன்றிலேயே நிற்பார். ஓரிடம் பின்தங்கினால் தொடக்க வரிசையில் பத்து இடங்கள் போயின. திறனை அளக்கப் பிறந்த அமைப்பு தானே விரும்பித் தற்செயலை உள்ளே அழைத்து வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர்க்கு விறுவிறுப்பு வேண்டும் என்பது காரணம். அதில் எனக்குக் குறையில்லை.

முஜெல்லோவின் கடைசிப் பந்தயம் தொடங்கும்போது ஆஸ்திரேலியரான ஆஸ்கர் பியாஸ்திரியும் அமெரிக்கரான லோகன் சார்ஜன்டும் 160 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றனர். பிரெஞ்சுக்காரரான தியோ பூர்ஷேர், அண்மையில்தான் 17 வயது நிரம்பியவர், ஒன்பது புள்ளிகள் பின்தங்கியிருந்தார். முதற்சுற்றிலேயே சார்ஜன்டின் வண்டியும் லிரிம் செண்டெலியின் வண்டியும் உரசிக்கொண்டன. சார்ஜன்டின் பருவம் அங்கேயே முடிந்தது. பதினொன்றாம் இடத்திலிருந்து தொடங்கிய பியாஸ்திரி ஏழாவதாக வந்து நான்கு புள்ளிகள் பெற்றார். பூர்ஷேர் மூன்றாவதாக வந்து பத்துப் புள்ளிகள் பெற்றார். பந்தயத்தை வென்ற நியூசிலாந்தின் லியாம் லாசனைப் பற்றி அன்று எவரும் அதிகம் பேசவில்லை. இறுதிப் பட்டியல்: பியாஸ்திரி 164, பூர்ஷேர் 161, சார்ஜன்ட் 160.

பத்து வாரம், பதினெட்டுப் பந்தயம். மூவர்க்கும் இடையே நான்கு புள்ளி. வாகையர் பியாஸ்திரி அப்பருவத்தில் வென்றவை இரண்டே பந்தயங்கள். தகுதிச்சுற்றில் ஒருமுறைகூட முதலிடம் பெறவில்லை. நேர்ச்சாலையில் பின்னிறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் டிஆர்எஸ் கருவி அவர் வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட வார இறுதிகளில் பழுதாகியிருந்தது. எல்லோர்க்கும் வழங்கப்பட்ட அதே கருவிதான்.

இனிமேல் நடப்பதுதான் என் கவலைக்குரியது. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான மேல்நிலை உரிமம் பெற, மூன்று ஆண்டுகளில் 40 உரிமப்புள்ளிகள் திரட்ட வேண்டும். ஃபார்முலா 3 பட்டியலில் முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 15. அதாவது 164, 161, 160 என்று நின்றவை 30, 20, 15 என்று பெயர்க்கப்படுகின்றன. இரண்டரை விழுக்காட்டு இடைவெளி ஒரே கோட்டில் இரு மடங்காகிவிடுகிறது. முந்தைய ஆண்டான 2019இல் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் 212 புள்ளிகளுடன், அடுத்தவரைவிட 54 புள்ளிகள் முன்னால் நின்று வென்றார். அவர்க்கும் 30தான். தரவரிசை எண் இடைவெளியை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய பின் அது தன் சொந்த இடைவெளியைப் படைத்துக்கொள்கிறது. சார்ஜன்ட் 2022 இறுதியில் உரிமப்புள்ளி போதுமோ போதாதோ என்ற நிலையில், ஃபார்முலா 1 வார இறுதிகளின் பயிற்சி ஓட்டங்களில் கலந்துகொண்டு ஒவ்வொரு புள்ளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. முஜெல்லோவின் முதற்சுற்று உரசலின் கணக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை.

இனி அந்த ‘ஒரே வண்டி’. 2019ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் இத்தாலியின் பிரேமா அணி எடுத்துக்கொண்டது. மூன்றாமவர் மும்பையின் ஜெஹான் தாருவாலா, இரண்டாமவரைவிட ஒரே புள்ளி குறைவாக. 2020இல் பியாஸ்திரி, சார்ஜன்ட், டென்மார்க்கின் பிரெடெரிக் வெஸ்டி ஆகிய மூவரும் பிரேமாவினரே: முதல், மூன்றாம், நான்காம் இடங்கள். ஈராண்டுகளில் அந்த அணி அமர்த்திய ஆறு பேரும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்துவிட்டனர். உடற்சட்டகம் ஒன்று, இயந்திரம் ஒன்று, சக்கரப்பட்டை ஒன்று. ஆனால் அவற்றை ஒரு குறிப்பிட்ட தடத்தின் வளைவுகளுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப எப்படி முடுக்குவது, இறக்கைக் கோணம் எவ்வளவு, சக்கரப்பட்டையில் காற்றழுத்தம் எவ்வளவு, தகுதிச்சுற்றில் எந்த நிமிடத்தில் ஓட்டுநரை வெளியே அனுப்புவது, இவையெல்லாம் விவரத்தாளில் இல்லை. பல ஆண்டுகள் சேர்த்துவைத்த தரவும் அதைப் படிக்கத் தெரிந்த பொறியாளரும் அணியின் சொத்து.

நல்ல ஓட்டுநர்கள் பிரேமாவுக்குச் செல்கிறார்கள், அதனால் பிரேமா வெல்கிறது என்று சொல்லலாம். அதிலும் உண்மை இருக்கிறது. நல்லவர் அங்கே செல்கிறார், அங்கே செல்பவர் நல்லவராகிறார் என்ற இரண்டையும் பட்டியல் பிரித்துக்காட்டாது. ஆனால் அடுத்த ஆண்டு, திட்டமிடாமலே ஒரு சோதனை நிகழ்ந்தது. மேற்படிக்குச் செல்லப் பணம் திரளாததால், சார்ஜன்ட் 2021இலும் ஃபார்முலா 3இலேயே தங்கினார். இம்முறை செக் நாட்டின் சிறிய அணியான சாரூஸில். ஓட்டுநர் அவரே, வண்டி அதே டல்லாரா, அனுபவம் ஓராண்டு கூடுதல். பட்டியலில் ஏழாமிடம். எதிராளிகள் மாறியிருந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்; ஆய்வகத் தூய்மை இதற்கு இல்லை. ஆயினும் நாம் தேடிய சொல்லிணைக்கு இதைவிட நெருங்கிய ஒன்று அப்பட்டியல்களில் அகப்படாது. மாறியது அணி.

அணி என்றால் பணம். இளையோர் பந்தயத்தில் ஊதியம் அணியிலிருந்து ஓட்டுநர்க்குப் போவதில்லை. கட்டணம் ஓட்டுநரிடமிருந்து அணிக்குப் போகிறது. ஃபார்முலா 3இல் ஒரு பருவத்துக்குப் பத்து இலட்சம் யூரோவைத் தாண்டும் என்பது பந்தய உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் பணத்தில் எட்டு ஒன்பது கோடிக்குக் குறையாது. பெரிய அணிகளின் பயிற்சித் திட்டங்கள் சிலரைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் அத்திட்டங்களின் கண்ணில் படும்வரை கார்ட் ஓட்டிய ஆண்டுகளுக்கு யார் செலவழித்தது என்ற வினா எஞ்சும். பியாஸ்திரி பதினான்கு வயதில் மெல்போர்னை விட்டு இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிக்குச் சென்றார். பந்தயம் அங்கேதான் இருந்தது. பிள்ளையை உலகின் மறுபுறம் அனுப்பிவைக்க எத்தனை வீடுகளால் இயலும்?

நம் நாட்டில் 2011இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணி இளம் ஓட்டுநர்களுக்கான தேடல் ஒன்றை நடத்தியது. ‘நூறு கோடியில் ஒருவர்’ என்பது அதன் பெயரின் பொருள். தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரில் ஒருவர்தான் தாருவாலா. அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஃபார்முலா 2இல் பந்தயங்களை வென்றவர். நான் தயங்குவது அப்பெயரிலுள்ள பகுதியெண்ணைக் கண்டு. நூறு கோடி என்று பகுதியில் எழுதிவிட்டால், கார்ட் வண்டியை வாழ்நாளில் கண்டிராத தொண்ணூற்றொன்பது கோடிச் சொச்சம் பேரும் போட்டியிட்டுத் தோற்றதாகிவிடுகிறது. முறையான பந்தயத் தடங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நாடு இது. முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநரான கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் பிறந்த வீட்டில் தந்தையே ராலி ஓட்டுநர். அதே ஊரின் கரிவரதன், மாருதி இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கை வண்டிகளை உருவாக்கினார். ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அவற்றில் பழகினர். அவர் பெயரில் அங்கே தடமும் இருக்கிறது. திறன் எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட இருக்கையின் விலையைக் குறைப்பதே முதல் வேலை என்று கருதிய ஒருவராகவே அவரை நான் பார்க்கிறேன்.

சரி, பட்டியல் சொன்னது சரியாகத்தானே போயிற்று என்று கேட்பார்கள். பியாஸ்திரி அடுத்த ஆண்டே ஃபார்முலா 2 வாகை சூடினார். மெக்லாரன் அணியில் 2023இல் சேர்ந்து, 2024இல் ஹங்கேரியில் தம் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். சார்ஜன்டோ வில்லியம்ஸ் அணியில் ஓட்டி, 2024 ஆகஸ்டில், பருவம் முடியுமுன்னரே நீக்கப்பட்டார். ஆக முதலிடம் முதலிடமே, மூன்றாமிடம் மூன்றாமிடமே என்பது வாதம். இது விளைவைக் கொண்டு அளவுகோலுக்குச் சான்றிதழ் தரும் முறை. முஜெல்லோவில் உரசிக்கொண்டது பியாஸ்திரியின் வண்டியாக இருந்திருந்தால் அவர் கையின் திறன் குறைந்திருக்குமா? பியாஸ்திரி அரிய ஓட்டுநர் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எத்தனை கோடி செலவழித்தாலும் மெதுவாக ஓட்டுபவரை அவ்வாறு ஆக்கிவிட முடியாது. அந்த அருமையை 164க்கும் 161க்கும் இடையிலுள்ள மூன்று புள்ளிகள் கண்டுபிடித்தன என்பதைத்தான் மறுக்கிறேன்.

மேலும், பட்டியலை நம்புவதாகச் சொல்லும் அதே உலகம் அதற்குக் கட்டுப்படுவதுமில்லை. ஃபார்முலா 2 வாகையர் மீண்டும் ஃபார்முலா 2இல் ஓட்டக்கூடாது என்பது விதி. வென்றவர் வெளியேறியே தீரவேண்டும். எங்கே போவது? பியாஸ்திரி 2021இல் வென்றார். 2022 முழுவதும் ஆல்பின் அணியின் மாற்று ஓட்டுநராக அமர்ந்திருந்தார். அவருக்குப் பின் மூன்றாமிடம் பெற்ற சீனாவின் ஜோ குவான்யூ அவ்வாண்டே ஃபார்முலா 1இல் ஓட்டத் தொடங்கினார். 2022இல் வென்ற பிரேசிலின் ஃபெலிபே துருகோவிச்சுக்கு இருக்கை கிடைக்கவில்லை. 2023இல் வென்றவர் நம் பூர்ஷேர். இரண்டாமிடம், 2020இன் நான்காமவரான வெஸ்டி. அடுத்த ஆண்டு ஃபார்முலா 1 தொடங்கியபோது, முந்தைய பருவம் முடிந்தபோது இருந்த அதே இருபது பேரே மீண்டும் வரிசையில் நின்றனர். ஓர் இருக்கைகூடக் காலியில்லை. பூர்ஷேர் ஜப்பானுக்குச் சென்று ஒரு பந்தயம், அமெரிக்காவின் இண்டிகாரில் சில பந்தயங்கள், அங்கும் நடுப்பருவத்தில் இடமிழந்தார். ஒரு மாணவர் எழுதிய தேர்வில் முதலிடம் பெறுகிறார். அவ்வாண்டு பணியிட அறிவிப்பே இல்லை. அதே தேர்வை மீண்டும் எழுதவும் கூடாது. இந்த நிலையை விளக்க ஆய்வு மாணவர்களுக்கு நான் உவமை தேட வேண்டியதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுமாதம் உதவித்தொகையும் விடுதி அறையும் ஒருங்கே நின்றுபோனவர்கள் இப்பதிவைப் படிப்பவர்களிலேயே பலர்.

இப்போது நம் தேர்வுக்கூடத்துக்கு வரலாம். ‘ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம்’ என்று சொல்லப்படும் தேசியத் தகுதித் தேர்வில், மொழிப்பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. வரலாற்றையோ பொருளியலையோ முதுகலை வரை தமிழில், வங்காளத்தில், மராத்தியில் படித்த ஒருவர் அந்தக் கூடத்தில் இரு வேலைகளைச் செய்கிறார்: வினாவைப் பெயர்த்துக்கொள்கிறார், பிறகு விடையளிக்கிறார். அவருக்கும் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் வினாத்தாள் ஒன்றே என்பது எழுத்தளவில் உண்மை. இந்தி பேசும் பகுதிகளிலிருந்து வந்த என் நண்பர்கள், வினாத்தாளின் இந்தி தங்கள் வீட்டு இந்தி அன்று என்று குறைப்படுவதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த சிறுபான்மையினர்க்கே அது பிரேமாவின் வண்டி.

இவ்வளவும் சொன்னதால் தேர்வே வேண்டாம் என்கிறேன் என்று பொருளன்று. முப்பது பேர் ஓடினால் யாரோ ஒருவர் முதலில் வந்தாக வேண்டும். பத்து உதவித்தொகை இருந்தால் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். என் கோரிக்கைகள் சிறியவை. பட்டியல் வெளியிடும்போது இடவரிசையோடு மதிப்பெண்ணையும் வெளியிடுங்கள். பத்தாமவர்க்கும் பதினொன்றாமவர்க்கும் இடையில் இருப்பது அரைப்புள்ளியா அறுபது புள்ளியா என்பது கண்ணுக்குத் தெரியட்டும். வெட்டுக்கோட்டின் இருபுறமும் நெருங்கி நிற்பவர்களைச் சமமானவர்கள் என்றே ஒப்புக்கொண்டு, பிறகு வேறு முறையால் தேர்ந்தெடுங்கள். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தரத்தால் பிரிக்க முடியாத விண்ணப்பங்களுக்கு 2021 முதல் சீட்டுக் குலுக்கல் முறையை ஏற்றுக்கொண்டுள்ளது. சீட்டெடுப்பது நமக்கும் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரிவாகவே சொல்கிறது. ஆனால் அக்கல்வெட்டை முழுவதும் படிப்பது நல்லது. குடத்தில் பெயர் விழுவதற்கு முன், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே மூன்றாவது கோரிக்கை: விண்ணப்பப் படிவத்தில், முதுகலையை எந்த மொழியில் படித்தீர்கள் என்று ஒரு வினா சேருங்கள். அத்தரவைத் துறைவாரியாக ஐந்தாண்டுகள் சேர்த்து வெளியிடுங்கள். அதன் பிறகு வண்டி ஒன்றா இல்லையா என்று உட்கார்ந்து பேசலாம்.